கஷ்டம் இல்லே

ஏழரைங்கிற வார்த்தை மங்கைக்கு ஆகாது. ரயில் ஏழரைக்குன்னாக்கூட ஏழே காலுக்கு மேல ஒரு கால் மணின்னுதான் சொல்லுவா, அது வாயில வந்துடக் கூடாதுன்னு. அப்படிப்பட்டவ இன்னைக்குக் காலையில ஏழரைக்குத்தான் கூப்பிடப் போறா, கனடாவுல கால்கரிங்கிற ஊர்லேர்ந்து, பிள்ளை வீட்டுலேர்ந்து. இங்க திருச்சி கே.கே. நகர்ல நான் ஒருத்தன் ஊறுகா ஜாடியில போனைச் சாய்ச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இன்னும் அரை மணி இருக்கு. அதுக்குள்ள இந்த வைஃபை பொட்டி என்ன பண்ணுது, ஏன் பண்ணுதுன்னு எனக்குப் புரிஞ்சாகணும். புரியலேன்னா என் பொண்டாட்டி தையில வர மாட்டா, ஆடி போயி ஆவணிக்குத்தான் வருவா. பொட்டிக்கும் பொண்டாட்டிக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்டா, இருக்கு. நேத்து ராத்திரி செழியன் மெசேஜ் போட்டிருக்கான். அப்பா, அம்மா இன்னும் ஆறு மாசம் இருக்கட்டுமா, பாப்பாவைப் பாத்துக்க ஷோபனாவுக்கு ஒத்தாசையா இருக்கும், உங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லேன்னு நீங்களே போன வாரம் சொன்னீங்களாமே, நாளைக்குப் பேசிட்டு டிக்கெட்டை மாத்திடறேன், அப்படின்னு. கஷ்டம் இல்லேன்னு நான் சொல்லவே இல்லை. சொன்னேன். ஆனா அப்படிச் சொல்லல.

நடந்தது என்னன்னா, போன ஞாயித்துக்கிழமை இதே நேரம், பேத்தி ஒரு தும்மல் தும்மினா, நான் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சேன், அப்ப மங்கை திடுதிப்புன்னு கேட்டா, ஏங்க, நான் இல்லாம கஷ்டமா இருக்கா. இத்தனை வருஷத்துல அவ இப்படி ஒரு கேள்வி கேட்டதே கிடையாது. கருவூல ஆபீஸ்ல கண்காணிப்பாளரா இருந்து ரிடையர் ஆனவன் நான். ஆமாங்கற இடத்துல ஆமான்னு எழுதினவன் இல்லை. மறுப்பதற்கில்லைன்னு எழுதுவோம், ஆட்சேபணை எழ வாய்ப்பில்லை எனக் கூற இயலாதுன்னு எழுதுவோம், நாளைக்கு எவனாவது கேட்டா ரெண்டு பக்கமும் தப்பிக்கலாம். அந்தப் பழக்கத்துல வாயில வந்தது, கஷ்டம் இல்லேன்னு சொல்ல முடியாது மங்கை. இவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரைக்கும் அது நெஞ்சைப் பிளந்து காட்டின மாதிரி. ஆனா கஷ்டம் இல்லேங்கறது அந்தப் பக்கம் போச்சு, ன்னு சொல்ல முடியாதுங்கறது போகல. படம் நின்னுபோச்சு. நம்ம பாஷையில எல்லாமே கடைசியிலதான் இருக்கு. எவ்வளவு நீளமாச் சொன்னாலும் கடைசி வார்த்தை வந்து மாட்டிக்கற வரைக்கும் ஆமாவா இல்லையான்னு தெரியாது. அந்தக் கடைசி வார்த்தையைத்தான் இந்த லைன் முழுங்கிடுச்சு. வேற பாஷைக்காரனா இருந்தா முடியாதுன்னு மொதல்லயே சொல்லிட்டு மீதியை அப்புறமாச் சொல்லியிருப்பான், அவன் பொண்டாட்டி தையிலயே வந்திருப்பா. இதுல நின்னுபோன படத்துல என் மூஞ்சி தும்மலுக்குச் சிரிச்ச சிரிப்போட நின்னிருக்கு. ஷோபனா அதைப் படம் புடிச்சு அனுப்பியிருக்கா, மாமா ரொம்ப ஜாலியா இருக்காங்க போலன்னு. நான் பாத்தேன். அந்த மூஞ்சிக்காரன் நிஜமாவே ஜாலியாத்தான் இருக்கான். பொண்டாட்டியை ஊருக்கு அனுப்பிட்டுச் சீட்டாடப் போறவன் மூஞ்சி அது. மங்கை அனுப்பினது ஒரே ஒரு வார்த்தை. சரி. அதுக்கப்புறம் இந்த வாரம் பூரா கிணத்துல போட்ட கல்லு மாதிரி ஒரு சத்தமும் இல்லை. மத்தவங்க சரின்னா சரி. மங்கை சரின்னா அது சரியே இல்லை. என் தங்கச்சி கல்யாணத்துல அவ கம்மலைக் கேட்டப்ப இப்படித்தான் ஒரு சரி சொன்னா, அந்தச் சரி இன்னும் முடியல.

ஏன், எழுதி அனுப்ப வேண்டியதுதானேன்னு தோணும். எழுதாமலா இருந்தேன். எழுதி எழுதி அழிச்சேன். தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்நோக்கின்னு வருது, நான் என்ன பண்ணட்டும், கை அப்படிப் பழகிடுச்சு. வைஃபை இல்லாம போன்லயே பேசலாம்னா மொட்டை மாடிக்குப் போகணும், அங்கதான் டவர் எடுக்குது. பக்கத்து மாடியில காலையிலயும் சாயங்காலமும் ரிடையர்டு தாசில்தார் நடந்துக்கிட்டிருப்பார், அவர் காதுபட நீ இல்லாம முடியல மங்கைன்னு எந்த வாயால சொல்றது. அதனால நேர்ல, இல்லை, நேர்ல மாதிரி, மூஞ்சியைப் பாத்து வீடியோவுலதான் சொல்லணும்னு முடிவு பண்ணி வாரம் பூரா ஒத்திகை பாத்தேன். காலையில எழுந்து பல் வெளக்கின கையோட ஹால்ல ஷோகேஸ் முன்னால நின்னு, அதுல தலையாட்டி பொம்மை, எங்க கல்யாண போட்டோ, திருடனுக்காகச் செழியன் வெச்சுட்டுப் போன குட்டிக் கேமரா, பித்தளை யானை, இதுங்களைப் பாத்து வாய்விட்டுச் சொல்லிப் பாத்தேன். திங்கக்கிழமை சொன்னது மேடைப் பேச்சு மாதிரி இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை பரவாயில்லை. வியாழக்கிழமை சொல்லும்போது பாதியில லுங்கி நுனியில மூக்கைத் துடைச்சுக்கிட்டு நிறுத்திட்டேன், யாரு பாக்கப் போறா. தலையாட்டி பொம்மை மட்டும் சரி சரின்னு ஆட்டிச்சு. வாக்கியம் தயார். ஆனா எவ்வளவு நல்ல வாக்கியமா இருந்து என்ன, லைன் அதோட கடைசி வார்த்தையைத் தின்னுடுச்சுன்னா மறுபடியும் கதை கந்தல்தான். நீ இல்லாம முடியலன்னு சொல்லி, நீ இல்லாமன்னு மட்டும் போய்ச் சேந்தா அவ மீதியை என்னன்னு போட்டு நிரப்பிக்குவா. நல்லா இருக்குன்னு நிரப்பிக்குவா. அவளைத் தெரியாதா.

லைன் ஏன் திங்குதுன்னு யோசிச்சப்ப எனக்கு மொதல்ல தோணினது மாடி வீட்டு இருதயராஜ்தான். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்புல வேலை, நல்ல மனுஷன், ஆனா வாடகையோட வைஃபையும் சேத்துன்னு வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம நான்தான் சொல்லித் தொலைச்சேன். கவனிச்சுப் பாத்ததுல மத்தியானம் லைன் கண்ணாடி மாதிரி இருக்கு. சாயங்காலத்துக்கு மேலயும் காலையிலயும் இழுக்குது. சாயங்காலமும் காலையிலயும் யார் வீட்டுல இருக்காங்க, இருதயராஜ். சந்தேகம் தீந்துபோச்சு. கம்பெனிக்குப் போன் பண்ணினா, சார், உங்க ரவுட்டர் பக்கத்துல போயி நீங்களே செட் பண்ணிக்கலாம்னு ஒரு பொண்ணு எண்ணைச் சொல்லிட்டு வெச்சுட்டா. போன்ல அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வீட்டுல வைஃபை குடிக்கற ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி, யாரு மொதல்ல யாரு அப்புறம்னு நம்மளே வரிசை வைக்கலாம். வரிசைன்னா எனக்குத் தெரியாதா. பணிமூப்பு. யாரு மொதல்ல சேந்தாங்களோ அவங்க மேல. செழியன் காலேஜ் படிக்கறப்ப வாங்கின கம்ப்யூட்டரை உச்சியில வெச்சேன், அதுக்கு அடுத்தது பழைய பிரிண்டர், அப்புறம் டிவி, இருதயராஜ் வீட்டுதெல்லாம் வாடகைக்கு வந்ததுங்கறதால நடுவுல, கடைசியா இந்தப் போன், இப்பதானே வாங்கினது, புரொபேஷன்லயே இருக்கு. எவ்வளவு வேகம்னு கேட்டுச்சு, கம்பெனி விளம்பரத்துல போட்டிருக்கற எண்ணை அப்படியே எழுதினேன். எல்லாம் முறைப்படி பண்ணின திருப்தி. அன்னைக்கே எதிர்வீட்டுக்காரரை வீடியோவுல கூப்பிட்டு சோதிச்சேன், சார் உங்க வாய் ஒரு பக்கம் போகுது சத்தம் ஒரு பக்கம் வருதுங்கறார். ரெண்டு வருஷமா யாரும் தொடாத கம்ப்யூட்டர் உச்சாணியில உக்காந்து தூங்குது, பேச வேண்டிய போன் வாசல்ல கையைக் கட்டிக்கிட்டு நிக்குது. ஆபீஸ்ல இருந்த வரைக்கும் இது எனக்குத் தப்பாவே பட்டதில்லை.

இன்னைக்குக் காலையில அந்தப் பக்கத்தை மறுபடி தொறந்தப்பதான் கீழ ஓரத்துல, கண்ணுலயே படாத மாதிரி, ஆட்டோன்னு ஒரு சின்ன பொத்தான் இருந்துச்சு. பக்கத்துல ஒரு கேள்விக்குறி. அழுத்தினா இங்கிலீஷ்ல பொடி எழுத்துல ஒரு பத்தி. வேகத்தைத் தானா அளந்து தானாப் பங்கு போடும், யாரு பெருசு யாரு சின்னதுன்னு நீங்க சொல்ல வேண்டாம், அப்படின்னு. தானான்னா எப்படி. எனக்குத் தானா நடக்கற எதுலயும் நம்பிக்கை கிடையாது, தானா நடக்கும்னு விட்ட கோப்பு ஒண்ணுகூட நடந்ததில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மூணு தடவை படிச்சேன். வரிசை, காத்திருக்கறது, சின்னது மொதல்ல, அளவுக்குக் கொஞ்சம் கம்மி. நாலாவது தடவை படிக்கும்போது சட்டுன்னு பிடிபட்டுச்சு. அட, இது பந்தி. பந்தின்னு மொதல்லயே எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா. எங்க சொந்தத்துல எந்தக் கல்யாணம்னாலும் பந்தி விசாரிக்க அரங்கநாயகத்தை நிறுத்துன்னுதான் சொல்லுவாங்க, நான் நின்னா கடைசி இலைக்கும் பாயசம் வரும். சமையக்கட்டுலேர்ந்து பந்திக்கு வர்றது ஒரே வழி, குறுகின வழி. முத இலையில உக்காந்த ஆசாமி சாம்பார் சாம்பார்னு எல்லா வாளிக்காரனையும் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கிட்டான்னா, கடைசி இலையில ஒரு சிட்டிகை உப்பு கேட்ட அம்மா கேட்டுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். உப்பு இல்லாம இல்லை. உப்புக்காரன் அந்தக் குறுகின வழியில வாளிக்காரனுங்களுக்குப் பின்னால நிக்கறான். அப்ப என்ன செய்யணும்னா நான் வழியில நிக்கக் கூடாது, வழி ஆரம்பிக்கற எடத்துல, சமையக்கட்டு வாசல்ல நிக்கணும். வழியில எத்தனை வாளி போகுமோ அதுக்கு ஒண்ணு கம்மியாத்தான் உள்ள விடணும், அப்பதான் நெரிசல் அங்க ஆகாம என் கண்ணு முன்னால ஆகும். ஒரு இலைக்கு ஒரு சுத்துக்கு ஒரு கரண்டி. உப்பு கேட்டவங்களுக்கு அப்பவே, அதுக்கு எவ்வளவு நேரம் ஆகப் போகுது. சாம்பார்க்காரர் மாப்பிள்ளையோட பெரியப்பாவாவே இருக்கட்டும், அடுத்த சுத்துல வாங்கிக்கட்டும், யாரும் அவரை எழுப்பி விடல. இதுதான் இந்தப் பொத்தான். வழி எவ்வளவு அகலம்னு மண்டபக்காரன் சொல்றதை நம்பாது, தானே ஒரு ஆளை அனுப்பி, போயிட்டு வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாத்து, நேரத்துக்கு நேரம் வாளிக் கணக்கை மாத்திக்கும். நான் மண்டபக்காரன் சொன்ன எண்ணை எழுதி வெச்சு ஏமாந்தேன். பணிமூப்பைக் கலைச்சேன். பொத்தானை அழுத்தினேன். அளந்துகொண்டிருக்கிறேன், பொறுக்கவும்ங்கற அர்த்தத்துல ஒரு வட்டம் சுத்திச்சு. அதைப் பாத்தப்ப எனக்கு நம்ம ஆளுங்கற மாதிரி ஒரு பாசம் வந்துடுச்சு.

அப்பதான் வாசல்ல செருப்புச் சத்தம். இருதயராஜ், வெள்ளைச் சட்டை, கையில பைபிள், பின்னால அவர் வீட்டம்மா. சார், பூசைக்குப் போறோம்னார். போயிட்டு வாங்கன்னேன், எனக்கு அவர் போனாப் போதும். இன்னைக்கு மேடம் கூப்பிடறாங்கன்னு சொன்னீங்கல்ல, அதான் மாடியில எல்லாத்தையும் நிறுத்திட்டேன் சார், பையன் கம்ப்யூட்டர் ஒயரைக்கூடப் புடுங்கிட்டேன். அதெல்லாம் எதுக்குங்கன்னு சொல்லும்போதே எனக்கு உள்ளுக்குள்ள கூசிப்போச்சு, வாரம் பூரா மனசுக்குள்ள இந்த மனுஷனைத் திருடன் திருடன்னு திட்டியிருக்கேன். அவர் வீட்டம்மா கொஞ்சம் முன்னால வந்து, அண்ணே, அக்கா தையில வந்துருவாங்கல்லண்ணே, வாசலே வெறிச்சுன்னு கெடக்குன்னாங்க. வராம இருப்பான்னு சொல்வதற்கில்லைன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. கடிச்சுக்கிட்டு, பேசணும்மான்னு மட்டும் சொன்னேன். நாங்களும் வேண்டிக்கறோம்னு கேட்டைச் சாத்திட்டுப் போனாங்க. சண்டைக்காரி ஊருக்குப் போயிருக்கான்னு தெருவே நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன், இவங்க என்னடான்னா வேண்டிக்கறாங்க. அவ கோலம் போடும்போது தெருவுல போற வண்டியெல்லாம் வளைஞ்சு போகணும், இல்லேன்னா கத்துவா. அந்தக் கத்தல் இல்லாம காலை விடிஞ்சதே தெரிய மாட்டேங்குது எனக்கு.

பொட்டி அளந்து முடிச்சுடுச்சு. பட்டியல்ல ஒவ்வொரு வரிக்கும் எதிர்ல ரெண்டு அம்பு, கீழ் அம்பு வீட்டுக்குள்ள வர்றது, மேல் அம்பு வெளிய போறது. இருதயராஜ் வீட்டு வரியெல்லாம் சுழி. நல்லதுன்னு கண்ணை எடுக்கப் போனவன் எடுக்கல. ஒரு வரியில மேல் அம்பு கொழுகொழுன்னு இருக்கு. பேர்னு ஒண்ணும் இல்லை, எழுத்தும் எண்ணுமா என்னமோ. என் வீட்டுலேர்ந்து ஏதோ ஒண்ணு விடாம வெளிய போய்க்கிட்டிருக்கு. மாடியில ஆள் இல்லை, கீழ நான் ஒருத்தன். டிவி ஒயரைப் புடுங்கினேன், அம்பு அசையல. கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் புடுங்கினேன், அசையல. போனையே அணைச்சுப் போட்டுப் பாத்தேன், அது மறுபடி எழுந்து வந்து, அம்பு அப்படியேதான் இருக்குன்னு சொல்லுது. பேப்பர்ல போடறானே, எவனோ எங்கேயோ உக்காந்துக்கிட்டு வீட்டுக்குள்ள பூந்து எல்லாத்தையும் உறிஞ்சுவான்னு. என்கிட்ட உறிஞ்ச என்ன இருக்கு, பென்ஷன் புக்கும் சர்க்கரை ரிப்போர்ட்டும்தான். அப்படி யோசிச்சுக்கிட்டே நிமிந்தவன் கண்ணுல ஷோகேஸ் பட்டுச்சு. பித்தளை யானைக்கும் கல்யாண போட்டோவுக்கும் நடுவுல அந்தக் குட்டிக் கேமரா. அதுல நீலமா ஒரு பொட்டு வெளிச்சம். அதை வைக்கும்போது செழியன் என்னமோ சொன்னானே. பச்சைன்னா சும்மா இருக்கு, நீலம்னா யாரோ பாக்கறாங்கன்னு அர்த்தம்பா, பாத்தாத்தான் படம் போகும், இல்லேன்னா உள்ளயே பதிஞ்சுக்கும். யாரோ பாக்கறாங்களா. என்னையா. லுங்கியை இழுத்து விட்டுக்கிட்டேன்.

பயந்தா வேலைக்கு ஆகாது, ஒரு காப்பியைக் குடிச்சுட்டு யோசிப்போம்னு, போட்டு வெச்ச காப்பியைச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டு வந்தேன். மேஜை அந்தக் கேமராவுக்கு நேர் எதிர்ல. சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். எனக்கு ஒரு ஸ்பூன்தான் அனுமதி, அதுவும் அரை ஸ்பூனை ஒண்ணுன்னு நான் வாதாடி வாங்கினது. இன்னைக்கு இருக்கற படபடப்புக்கு ஒண்ணு போட்டேன், பத்தாதுன்னு தோணிச்சு, இன்னொண்ணும் போட்டுக் கலக்கினேன். போன் டிங்குன்னுது. மங்கை. ஒரு வாரமா சரிக்கு மேல ஒரு எழுத்து அனுப்பாதவ. ரெண்டாவது ஸ்பூன் எதுக்கு. அவ்வளவுதான் எழுதியிருந்தா. நான் திரும்பிக் கதவைப் பாத்தேன். ஜன்னலைப் பாத்தேன். கூச்சமா இருக்கு சொல்ல, மேஜைக்கு அடியிலகூடக் குனிஞ்சு பாத்தேன். அப்புறம்தான் மெதுவா ஷோகேஸ் பக்கம் திரும்பினேன். நீலப் பொட்டு. அது என்னைப் பாத்துது, நான் அதைப் பாத்தேன், ஸ்பூன் கையிலயே இருந்துச்சு.

அடியே. நீதானா. நம்ம சாயங்காலம் தொடங்கி மறுநாள் காலை வரைக்கும்தான் அங்க பகல், அப்பதான் லைன் இழுக்குது, மத்தியானம் கண்ணாடி மாதிரி ஆயிடுது, ஏன்னா அங்க அவ தூங்கிடறா. இருதயராஜும் இல்லை ஒருத்தனும் இல்லை. போன ஞாயித்துக்கிழமையும் இந்த நீலப் பொட்டு எரிஞ்சிருக்கும். போன்ல நான் பேசறேன், இன்னொரு பக்கம் கேமராவுல நான் உக்காந்திருக்கறதை வாளி வாளியா அள்ளி அவ வாங்கிக்கிட்டிருக்கா, அந்தக் கூட்டத்துல என் ஒரு சிட்டிகை வாக்கியம் பின்னால நின்னுபோச்சு. அவ என்னைப் பாத்துக்கிட்டே இருந்ததாலதான் நான் சொன்னது அவளுக்குப் போய்ச் சேரல. இதை எந்த ஆபீஸ்ல போயி எழுதிக் குடுக்கறது. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அது சிரிப்புதானான்னும் தெரியல. என்னத்தையெல்லாம் பாத்திருப்பா. சிங்க்கு பக்கத்துல நின்னுக்கிட்டே தயிர் சாதம் திங்கறதை, தொவைக்காத துண்டு சோபாவுல கெடக்கறதை, அவ உக்கார்ற நாற்காலியில நான் போயி உக்காந்துக்கறதை. அப்பதான் இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு. அந்தக் கேமராவுக்குக் காதும் உண்டு. செழியன் சொன்னான், சத்தமும் கேக்கும்பா. திங்கக்கிழமை மேடைப் பேச்சு. செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை லுங்கி. எதுக்கு முன்னால நின்னு சொன்னேன் நான், அந்த ஷோகேஸுக்கு முன்னாலதானே, அதோட மூஞ்சிக்கு நேராதானே. எழுந்து போயி அந்த ஒயரைப் புடுங்கிடலாம்னு கை அது வரைக்கும் போயிடுச்சு. புடுங்கினா லைன் சுத்தமாயிடும், பொத்தானும் வேண்டாம் பந்தியும் வேண்டாம். புடுங்கல. அங்க ஒருத்தி பாத்துக்கிட்டிருக்கா, அவ கண்ணு முன்னால இலையை எடுக்கற மாதிரி இருந்துச்சு. இருக்கட்டும், பொட்டி பாத்துக்கும்னு வந்து உக்காந்தேன். உக்காரவும் போன் அடிக்கவும் சரியா இருந்துச்சு.

மங்கை தெரிஞ்சா. பின்னால தொட்டில், தொட்டிலுக்கு மேல சுத்தற பொம்மை, பக்கத்துல செழியன் தோள் மட்டும். ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஒரு சுத்து பெருத்த மாதிரி இருந்தா, குங்குமம் கொஞ்சம் கோணலா வெச்சிருந்தா. எடுத்த எடுப்புல, காப்பி ஆறிடப் போகுதுன்னா. நீ எத்தனை நாளா என்னைப் பாக்கறேன்னு கேட்டேன். வந்த நாள்லேர்ந்துதான், ஷோபனாவோட பழைய டேப்லெட்டை அடுப்பு மேடையில சாத்தி வெச்சிருக்கேன், பேச்சுத் துணைக்கு. நான் எங்க பேசினேன் உன்கிட்டன்னேன். என்கிட்ட பேசல, ஷோகேஸுகிட்ட நல்லாத்தான் பேசினீங்க, செவ்வாய்க்கிழமை பேசினது பரவாயில்லைன்னா. எனக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு. எல்லாம் கேட்டுட்டு நீ எதுக்குடி டிக்கெட்டை மாத்தச் சொன்னே, அப்படின்னு கேட்டேன். நான் மாத்தச் சொல்லல, நீங்கதான் கஷ்டம் இல்லேன்னீங்க, நான் சரின்னேன், அவ்வளவுதான். முழுசா வரல மங்கை, லைனு அன்னைக்குன்னு ஆரம்பிச்சேன். அவ குறுக்க வெட்டினா. லைனு இன்னைக்கு நல்லாத்தானே இருக்கு. அங்க டேப்லெட்டுலதான் நீங்க கட்டம் கட்டமாத் தெரியறீங்க, போன்ல மூஞ்சில இருக்கற நரை முடி வரைக்கும் தெரியுது. செவத்துகிட்ட சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு. என்கிட்ட சொல்லுங்க.

பொட்டி தன் வேலையைச் செய்யுது. வாளிக்காரனை அங்க நிறுத்திட்டு உப்புக்காரனை வழிவிட்டு அனுப்புது. இனி என் வேலைதான் பாக்கி. செவ்வாய்க்கிழமை வாக்கியத்தைத் தேடினேன், நீ இல்லாத இந்த வீட்டுலன்னு ஆரம்பிச்சு எங்கேயோ போகும் அது, கடைசியிலதான் முடியும், நடுவுல என்ன வேணா ஆகலாம். பயமா இருந்துச்சு. நிஜமாச் சொல்றேன், கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு பயமா இல்லை. சின்னதா இருந்தா மொதல்ல போகும். அது ஒண்ணுதான் அந்தப் பொடி எழுத்துல எனக்கு ஞாபகம் இருந்துச்சு.

"வா"ன்னேன்.

அவ அசையல. கண்ணு அப்படியே, வாய் அப்படியே. போச்சு, நின்னுபோச்சு, இதையும் தின்னுடுச்சுன்னு ஒரு நொடி எனக்கு உசிரே இல்லை. அப்புறம் பாத்தேன், அவ பின்னால தொட்டில் பொம்மை சுத்திக்கிட்டிருக்கு. மஞ்சக் கிளி போகுது, சேப்பு மீன் வருது, மறுபடி மஞ்சக் கிளி. படம் நிக்கல. அவதான் அப்படி உக்காந்திருக்கா. ஸ்வெட்டர் கையால மூக்கைத் தேச்சுக்கிட்டா, அப்புறம் பக்கத்துல திரும்பி, டேய் செழியா, தையிலயே இருக்கட்டும்டா, டிக்கெட்டைத் தொடாதேன்னா. செழியன் ஏதோ கேட்டான், அதுக்கு, உங்கப்பாவுக்கு முடியலையாம்டான்னா. முடியலன்னு நான் சொல்லவே இல்லை இன்னைக்கு. சொல்லாததும் போய்ச் சேந்திருக்கு.

வைக்கட்டுமான்னு கேட்டா. வைன்னேன். போன் இருட்டாச்சு, ஷோகேஸ்ல நீலப் பொட்டு மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நான் எழுந்து அந்தக் காப்பியை எடுத்துக்கிட்டுப் போயி, அவளுக்கு நல்லாத் தெரியற மாதிரி கொஞ்சம் தள்ளி நின்னு, சிங்க்குல ஊத்தினேன்.